கிரே கோஸ்ட் ஏன் சுழல்கிறது? சிறகை முள்ளில் வைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. 4ஆம் எண் தூண்டில் முள்ளில் மூன்று கிரே கோஸ்ட் ஸ்ட்ரீமர்கள் (இறகும் நூலும் கட்டிச் சிறு மீனைப்போலச் செய்யும் ஃப்ளைகள்) கட்டியிருக்கிறீர்கள். முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியான வைஸில் இருக்கும்போது மூன்றும் அழகாக இருக்கின்றன. ஏரியில் படகின் பின்னால் விட்டு இழுத்தால் பம்பரம்போலச் சுழல்கின்றன. லீடர், அதாவது ஃப்ளையைக் கட்டும் முன்முனை நூல், முழுவதும் முறுக்கேறிப்போகிறது. சிறகை முள்ளின் தண்டுக்கு மேலே கட்டுவதா, பக்கவாட்டில் கட்டுவதா என்று கேட்கிறீர்கள். சிறகின் முன்பக்கத்தில் கண்போல வைக்கும் கன்னத்துக்குக் கானக்கோழி இறகு கட்டாயமா என்பது இரண்டாவது கேள்வி.

சிறகு பக்கவாட்டில்தான். கானக்கோழி இறகு கட்டாயமில்லை. ஆனால் இந்த இரண்டு பதில்களை மட்டும் எடுத்துக்கொண்டு நான்காவது ஃப்ளையைக் கட்டினால் அதுவும் சுழலக்கூடும். பிழை முள்ளில் நேரவில்லை. அதற்கு முன்னால், இறகுகளைத் தேர்ந்தெடுத்த மேசையிலேயே நேர்ந்துவிட்டது.

கட்டிய மூன்றில் ஒன்றை எடுங்கள். முள்ளின் காது, அதாவது லீடரைக் கட்டும் வளையம், உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு சிறகுகளும் தண்டின் இருபுறமும் சமமாகச் சரிந்து, ஒரு சின்ன ஓட்டுக் கூரையைப்போலத் தெரிய வேண்டும். உங்கள் ஃப்ளையில் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் இருக்கும். அல்லது ஒரு சிறகின் நுனி வெளியே பார்த்து வளைந்திருக்கும். அந்த ஒரு நுனி போதும். நீர் அதைத் தள்ளும், தள்ளிக்கொண்டே இருக்கும். படகின் வேகத்தில் இழுக்கும்போது காற்றாடியின் இதழைப்போல அது முழு ஃப்ளையையும் சுற்றிவிடும்.

சேவல் இறகின் ஈர்க்கு உருண்டையானது அல்ல, சற்றே தட்டையானது. தென்னை ஈர்க்கை விரலிடையில் உருட்டிப் பார்த்தால் அது எந்தப் பக்கமாகப் படுக்க விரும்புகிறது என்று தெரியுமே, அதைப்போலத்தான். வழவழப்பாக உரித்த ஈர்க்கின் மேல் நூலை இறுக்கினால், ஈர்க்கு தன் தட்டைப் பக்கத்தைத் தேடிப் புரளும். அதனோடு சிறகும் புரளும். நூலைத் தளர்த்தித் திருத்திவிட்டு மீண்டும் இறுக்குவீர்கள், மீண்டும் புரளும். ஸ்ட்ரீமர் கட்டத் தொடங்கும் எல்லோரும் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறோம். நான் முதல் இரண்டு குளிர்காலங்களை இப்படித்தான் கழித்தேன். நூலை மாற்றினேன், பசையை மாற்றினேன், வைஸைக்கூட மாற்றினேன். மாற்ற வேண்டியது வேலையின் வரிசை என்று பிடிபட வெகுநாள் ஆயிற்று.

அந்த வரிசையை விளங்கிக்கொள்ள, இந்த ஃப்ளையை உருவாக்கிய பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கேரி ஸ்டீவன்ஸ் 1882இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். மகளிர் தொப்பிகளை அலங்கரிப்பது அவருக்குப் பழகிய தொழில். இறகை எப்படி வளைப்பது, ஒன்றின் மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது, எங்கே ஒட்டினால் தெரியாது என்பதெல்லாம் முதலில் தொப்பிகளில் தேர்ந்த கைவேலை. கணவர் வாலஸ் மீன்பிடி வழிகாட்டி. ரேஞ்ச்லி ஏரிகள் பகுதியில், மூஸ்லுக்மெகன்டிக் ஏரியின் நீர் ரிச்சர்ட்சன் ஏரிக்கு இறங்கும் அப்பர் டேம் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அணைக்குக் கீழே நுரைத்துச் சுழலும் மடு, அந்நாளில் பெரிய ப்ரூக் ட்ரவுட் மீனுக்கும் கடலுக்குப் போகாத நன்னீர் சால்மனுக்கும் பெயர்பெற்றது.

1924 ஜூலை 1 அன்று வீட்டுவேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த நீரில் திரியும் ஸ்மெல்ட் என்ற சிறு மீனைப்போல ஒன்றைச் சாம்பல் நிற இறகுகளால் கட்டி எடுத்துக்கொண்டு மடுவுக்குப் போனார். அன்று அவர் பிடித்த ப்ரூக் ட்ரவுட்டின் எடை 6 பவுண்டு 13 அவுன்ஸ், ஏறத்தாழ 3.1 கிலோ. ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் இதழ் நடத்திய போட்டியில் அந்த மீன் இரண்டாம் பரிசு பெற்றது. கட்டித் தரச் சொல்லிக் கடிதங்கள் வரத் தொடங்கின. அவருடைய தொழில் அப்படி ஆரம்பமாயிற்று. அன்று முள்ளில் இருந்தது கிரே கோஸ்ட்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். போட்டிக்கு அனுப்பிய விவரத்தில் உள்ள பெயர் ஷாங்ஸ் கோ-கெட்-அம். கிரே கோஸ்ட் அதன் பிறகு, அதே சிந்தனையிலிருந்து வளர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கட்டிய அவர் 1953இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்; 1970இல் காலமானார்.

அவர் வைஸ் பயன்படுத்தவில்லை. முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டே கட்டினார். ஒரு கையால் முள்ளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நான்கு சேவல் இறகு, சிறகின் முன்பகுதியை மூடும் இரண்டு தோள் இறகு, இரண்டு கன்ன இறகு என எட்டையும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு பக்கத்துக்கு வேண்டிய இரண்டு சேவல் இறகு, ஒரு தோள், ஒரு கன்னம் ஆகியவற்றை அடியில் பசை தொட்டு ஒட்டி, ஒரே துண்டாக்கிக் காயவைத்துவிடுவார். மறுபக்கத்துக்கும் அப்படியே. முள்ளைக் கையில் எடுக்கும்போது கட்ட வேண்டிய சிறகுத் துண்டுகள் இரண்டுதான். அவருடைய பழைய ஃப்ளைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை இதுவே. ஒட்டிக் காய்ந்த நான்கு ஈர்க்குகள் சேர்ந்து ஒரு சிறு பட்டையாகிவிடுகின்றன. பட்டை புரளாது. உங்கள் சிக்கலுக்கான மருந்து இங்கேதான் இருக்கிறது.

இனிக் கட்டும் முறையைச் சொல்கிறேன். எளிய இடங்களை வேகமாகக் கடந்து, சிறகில் நின்று பேசுகிறேன்.

முள் நீளத் தண்டு உள்ளதாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 6 எக்ஸ் (தண்டின் நீளத்தைக் காட்டும் குறி; எண் கூடினால் தண்டு நீளம்) என்று எழுதியிருக்கிறீர்கள்; அதிலும் கட்டலாம். ஆனால் இந்த ஃப்ளையின் மெலிந்த உருவம் 8 எக்ஸ் அல்லது 10 எக்ஸ் நீளத்தில்தான் சரியாக வருகிறது என்பது என் கருத்து. தண்டு குட்டையாக இருந்தால் சிறகு முள்ளைத் தாண்டி அதிகம் நீள்கிறது. ஓடும்போது அந்த நுனி வளைவில் சுற்றிக்கொள்ளும். மீனும் முள்ளைத் தொடாமல் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். 2ஆம் எண், 8 எக்ஸ் முள் ஒன்றில் கட்டிப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

உடலுக்கு வெள்ளை நூல், தலைக்குக் கறுப்பு நூல். உடல் ஆரஞ்சு நிற முறுக்கில்லாப் பட்டிழை. இந்தப் பட்டிழை நனைந்தால் அடியில் உள்ள நிறத்தை வெளியே காட்டும். கறுப்பு நூலின் மேல் சுற்றிய ஆரஞ்சு, நீரில் பாசி படிந்த செங்கல் நிறத்துக்குப் போய்விடும். வெள்ளை நூலின் மேல் சுற்றியது ஆரஞ்சாகவே இருக்கும். பலர் ஒரே கறுப்பு நூலால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நிறம் மங்கிவிட்டதென்று பட்டிழையைக் குறை சொல்கிறார்கள்.

முள்ளின் எதிர்முள்ளுக்கு நேர் மேலே, தண்டின் பின்கோடியில் தட்டை வெள்ளிச் சரிகையைக் கட்டி, அங்கேயே மூன்று நான்கு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். மீதிச் சரிகையை வெட்டாமல் தொங்கவிடுங்கள். அதுவே பிறகு உடலின் வரியாக வரும். நூலைத் தண்டு முழுவதும் மேடுபள்ளம் இல்லாமல் முன்னே கொண்டுவாருங்கள். பட்டிழையை முன்னால் கட்டி, பின்னே போய், மீண்டும் முன்னே வந்து முடியுங்கள். சுற்றும்போது பட்டிழையில் முறுக்கு ஏறும். அவ்வப்போது எதிர்ப்பக்கம் திருப்பி அதை எடுத்துவிட்டால்தான் நாடாவாகப் படியும். கை சொரசொரப்பாக இருந்தால் இழை பிசிறும். சர்க்கரையும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு விரல் நுனிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருங்கள். பட்டு நழுவிச் செல்லும். உடல் மெல்லியதாக, பென்சிலின் உள்ளே இருக்கும் கரிக்குச்சியைப்போல இருக்க வேண்டும். பருமனான உடல் சிறகை வெளியே தள்ளும். சுழல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சரிகையைச் சம இடைவெளியில் ஆறேழு சுற்று முன்னே கொண்டுவந்து கட்டிவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். உடலைக் காதுவரை கொண்டுபோய்விடக் கூடாது. காதுக்குப் பின்னால் குறைந்தது அரை சென்டிமீட்டர் வெறும் தண்டு வேண்டும். சிறகு, வயிற்று மயிர், தலை எல்லாமே அந்தச் சிறு இடத்தில்தான் குடியேறப்போகின்றன. கேரி ஸ்டீவன்ஸின் ஃப்ளைகளில் தலை நீளமாக, கூம்பி இருக்கும். கடைகளில் விற்கும் குட்டைத் தலை ஃப்ளைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாகத் தெரியலாம். நீண்ட தலைக்குக் காரணமே சிறகுப் பட்டைக்குப் படுக்க இடம் கொடுப்பதுதான்.

அடுத்தது வயிறு. முள்ளை வைஸில் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டால் எளிது. முதலில் மயிற்பீலியின் இழைகள் நான்கோ ஐந்தோ, தண்டின் அடிப்பக்கத்தில், முள்ளின் வளைவைச் சற்றுத் தாண்டும் நீளத்தில். அதன் கீழே வெள்ளை மான்வால் மயிர், அதே நீளத்தில். மயிரை அள்ளி வைக்காதீர்கள். எடுத்த கற்றையைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலும் பாதியை எடுத்துவிடுங்கள். எஞ்சுவதுதான் அளவு. அதற்குக் கீழே பொன் ஃபெசன்ட் பறவையின் கொண்டை இறகு ஒன்று, தோள் இறகின் நீளத்துக்கு, நுனி மேல்நோக்கி வளையும்படி. இந்த வெள்ளை மயிர் அழகுக்காக மட்டும் இல்லை. கப்பலுக்கு அடிக்கட்டை எப்படியோ, ஃப்ளைக்கு இது அப்படி. நீரில் அதை நிமிர்த்தி வைக்கிறது. இது சிறகுக்கு நேர் கீழே இல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், சிறகு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஃப்ளை சாய்ந்துதான் ஓடும். உங்கள் மூன்றிலும் இதையும் பாருங்கள்.

முள்ளை நிமிர்த்துங்கள். தண்டின் மேலே இன்னொரு கொண்டை இறகு வேண்டும், இம்முறை கீழ்நோக்கி வளையும்படி, சிறகின் முழு நீளத்துக்கு. இந்த இறகு பையிலிருந்து வரும்போது ஒருபக்கம் திருகியிருக்கும். சற்று நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் விரும்பிய வளைவில் ஒட்டிவைத்தால், காய்ந்ததும் அந்த வளைவிலேயே உதிர்ந்துவரும். அட்லாண்டிக் சால்மனுக்கான பழைய ஃப்ளைகளைக் கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

இப்போது சிறகு. இந்த வேலையை முள்ளை வைஸில் மாட்டுவதற்கு முந்தைய நாளே முடித்திருக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் சிறகுகளை மட்டும் ஒட்டுங்கள்; பத்து ஜோடி செய்து காயவிடுங்கள். மறுநாள் கட்டுவது மளமளவென்று நடக்கும்.

நான்கு சேவல் இறகுகள், ஆலிவ் கலந்த சாம்பல் நிறம். கடைகளில் சாம்பல் என்று கொடுப்பது பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல். அது ஸ்மெல்ட்டின் நிறம் அல்ல. ஸ்மெல்ட்டின் முதுகு மங்கிய ஆலிவ் நிறம், பக்கம் வெள்ளி, உடல் பாதி ஊடுருவித் தெரியும். சரியான சாயம் கிடைக்காவிட்டால், வெளிர் சாம்பல் இறகுகளை மிகக் குறைந்த ஆலிவ் சாயத்தில் ஒருமுறை முக்கி எடுங்கள். இளம் நிறத்தில் நிறுத்துங்கள். நனைந்தால் ஒரு படி கருமையாகத்தான் தெரியும்.

இறகு சேவலின் இடுப்புப் பகுதியிலிருந்து வரும் மெல்லிய ஈர்க்குள்ளதாக இருக்கட்டும். நீரின் மேல் மிதக்கும் உலர் ஃப்ளைகளுக்காகவே வளர்க்கப்படும் சேவல்களின் இறகு விலை அதிகம், ஆனால் இதற்கு உதவாது. அது மிக ஒடுக்கமானது, இழைகள் விறைப்பானவை. சற்று அகலமான, மென்மையான, நுனி கூர்மையாக ஒடுங்காமல் மழுங்கி முடியும் இறகுதான் மீன் உருவம் தரும். நான்கையும் மேசையில் அடுக்கி வளைவைப் பாருங்கள். சேவலின் இடப்பக்கத்து இறகு ஒருபக்கமும் வலப்பக்கத்து இறகு மறுபக்கமும் வளையும். ஃப்ளையின் இடச் சிறகுக்கு ஒரு பக்கத்து இறகுகள் இரண்டு, வலச் சிறகுக்கு மறுபக்கத்தவை இரண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வளைவுள்ள நான்கு இறகுகளை எடுத்தால் ஒரு சிறகு உடலை அணைக்கும், மற்றது விலகி நிற்கும். உங்கள் ஃப்ளை சுழல்வதற்கு முதல் சந்தேகம் எனக்கு இதுதான். பையில் நூறு இறகு இருந்தால் ஒழுங்கான ஜோடி இருபதுகூடத் தேறாது; தேறாதவற்றைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஒதுக்கியவற்றை வேறு ஃப்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீளம் அளக்கும்போது முள்ளை அருகில் வையுங்கள். சிறகின் நுனி முள்ளின் வளைவைத் தாண்டிச் சிறிதளவு, மொத்தத் தண்டு நீளத்தில் கால் பங்குக்கு மிகாமல், நீண்டால் போதும். அடியில் உள்ள தூவியை எல்லாம் உரித்துவிடுங்கள். ஆனால் ஈர்க்கின் கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டரை முழுதும் வழித்துவிடாதீர்கள். அங்கே இழைகளைக் கத்தரியால் ஒட்ட வெட்டி, முள்முள்ளாகக் குட்டைக் கட்டைகளை விட்டுவிடுங்கள். நூலுக்கும் பசைக்கும் அந்தச் சொரசொரப்புத்தான் பிடி.

இரண்டு இறகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, பளபளப்பான பக்கம் வெளியே, குழிந்த பக்கம் உள்ளே இருக்கும்படி வையுங்கள். நுனிகள் ஒத்துப்போக வேண்டும். அடியில் ஊசிமுனையால் ஒரு துளி பசை. நீரில் கரையும், காய்ந்தாலும் வளையும் பசை நல்லது. உடனே ஒட்டும் பசையை இங்கே பயன்படுத்தாதீர்கள். அது இழைகளுக்குள் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும், ஈர்க்கும் ஒடியும். அதன் மேல் தோள். வெள்ளி ஃபெசன்ட் பறவையின் உடல் இறகு, வெள்ளையில் மெல்லிய கருங்கோடுகள் ஓடுவது. சிறகின் மூன்றில் ஒரு பங்கை அது மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். மீனின் தலையும் செவுளும் இருக்கும் இடம் அது. அதன் மேல் கன்னம், கானக்கோழியின் கண் இறகு. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு துளிதான். விரல்களுக்கிடையே பத்து விநாடி அழுத்திப் பிடித்து, மெழுகுத்தாளின் மேல் வைத்துக் காயவிடுங்கள். இடமும் வலமும் கலந்துவிடாமல் ஜோடி ஜோடியாக அடுக்குங்கள்.

மறுநாள், காய்ந்த துண்டின் அடியைச் சிறு இடுக்கியால் மெதுவாக ஒருமுறை நசுக்குங்கள். பட்டை இன்னும் தட்டையாகும். நூலைக் கறுப்புக்கு மாற்றுங்கள். உங்கள் பக்கத்துச் சிறகைத் தண்டின் பக்கத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். மேல் விளிம்பு தண்டைவிடச் சற்று உயரமாகவும், கீழ் விளிம்பு உடலின் ஒரு பகுதியை மறைத்துத் தண்டுக்குக் கீழே இறங்கியும் இருக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளை இறுக்காமல், இறகின் எடையைத் தாங்கும் அளவு மட்டும் போடுங்கள். எதிரில் உள்ள சிறகை அதே உயரத்தில் வைத்து, மீண்டும் இரண்டு தளர்ந்த சுற்று. இப்போது மேலிருந்து பாருங்கள், காதின் பக்கமிருந்து பாருங்கள். ஓட்டுக் கூரை தெரிகிறதா? தெரிந்தால் நூலை நேர் கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். பக்கவாட்டில் இழுத்து இறுக்கினால் எதிர்ச் சிறகு நூலோடு மேலே ஏறிவிடும். தெரியாவிட்டால் நூலை அவிழ்த்து மறுபடி வையுங்கள். இறுக்கிய பிறகு விரலால் திருகித் திருத்த முயலாதீர்கள்.

சிறகைத் தண்டின் மேலே கூம்பாகக் கட்டும் பழக்கம், கடைக்காக வேகமாகக் கட்டியவர்களிடமிருந்து வந்தது என்று நான் எண்ணுகிறேன். அப்படிக் கட்டியதும் மீன் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஆரஞ்சு உடல் முழுதும் வெளியே தெரிகிறது, சிறகு தனியாக மேலே மிதக்கிறது. ஒரு மீன் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு பொருட்கள் தெரிகின்றன. பக்கவாட்டில் கட்டும்போது உடலின் ஆரஞ்சு, சாம்பல் இறகுகளின் ஊடாக உள்ளிருந்து வரும் ஒரு சாயலாக மட்டுமே தெரிகிறது. ஸ்மெல்ட்டின் அரைகுறை ஊடுருவல் அப்படித்தான் கிடைக்கிறது. இந்த ஃப்ளைக்குக் கிரே கோஸ்ட், அதாவது சாம்பல் ஆவி, என்ற பெயர் பொருந்துவது அந்த இடத்தில்தான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் அந்த அம்மையார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

தலையைக் கறுப்பு நூலால் கூம்பாகச் சுற்றி, நடுவில் சிவப்பு நூலால் ஒரு மெல்லிய வளையம் போட்டு, முடிச்சிட்டு வார்னிஷ் பூசுங்கள். அந்த வளையம் அவருடைய கையொப்பம்போல. உங்கள் ஃப்ளையில் அதைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் மரியாதைக்காகப் போடுகிறேன். வார்னிஷ் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக இருக்கட்டும், ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது.

கானக்கோழிக்கு வருகிறேன். மெய்ன் மாநிலத்து ஏரிக்கரையில் பிறந்த ஃப்ளையின் கன்னத்தில் இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையின் இறகு. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய சாம்பல் கானக்கோழிச் சேவலின் பிடரியில், இறகின் நுனி மெழுகு பூசியதுபோல வெண்மையும் மஞ்சளுமாகக் கெட்டிப்பட்டிருக்கும். நீலகிரியில் விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் இந்தச் சேவலைப் பார்த்தவர்களுக்கு, கழுத்தில் பொட்டுப் பொட்டாக மின்னுவது நினைவிருக்கும். அந்தப் பொட்டு நீரில் சிறு மீனின் கண்ணாகிறது. ஐரோப்பியச் சால்மன் ஃப்ளைகளுக்காக ஒரு காலத்தில் இந்தப் பிடரித் தோல்கள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போயின. இன்று இந்தியாவில் இந்தப் பறவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வேட்டையாடுவதும் இறகை விற்பதும் குற்றம். வெளிநாட்டுக் கடைகளில் இப்போது விற்பது அங்கேயே பண்ணைகளில் வளர்த்த பறவைகளின் இறகு.

ஊரிலிருக்கும் உறவினர் யாரிடமாவது கேட்டு இறகு வரவழைக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ஃப்ளையின் கன்னத்துக்காக அந்தக் காட்டுப் பறவை சாக வேண்டியதில்லை. பண்ணை இறகு வாங்க வசதி இருந்தால், ரசீதுடன் வாங்குங்கள். ஒரு பிடரித் தோல் பல ஆண்டுகளுக்கு வரும். கிழிந்த கண் இறகுகளைப் பின்புறம் ஒரு துளி வார்னிஷ் தொட்டுச் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் கருமையான சிறிய இறகு ஒன்றின் நுனியில் வெள்ளை எனாமல் துளி வைத்துக் காயவிடுங்கள். அல்லது கன்னத்தையே விட்டுவிட்டுத் தலையில் ஒரு கண் வரைந்துவிடுங்கள். கன்னம் இல்லாத கிரே கோஸ்ட்டில் நல்ல சால்மன்களைப் பிடித்திருக்கிறேன்.

கட்டி முடித்ததும் ஏரிவரை காத்திருக்க வேண்டாம். குளியல் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு முழ நூலில் கட்டி, நடக்கும் வேகத்தில் இழுத்துப் பாருங்கள். முதலில் நன்றாக நனையட்டும். காய்ந்த இறகு எதையும் சொல்லாது. நனைந்ததும் சிறகுகள் மூடி ஒரே மெலிந்த உருவமாக வேண்டும். நிறுத்தினால் சற்றே விரிந்து, இழுத்தால் மூடி, மூச்சு விடுவதுபோல இயங்கும். தொட்டியில் சாய்ந்தால் ஏரியில் சுழலும். அதே வேகத்தில் இரண்டு மூன்று முறை இழுத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வளைந்த சிறகு எது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது பயன்படுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெய்ன் பகுதி ஏரிகளில் வசந்தத்தில் பனிக்கட்டி உருகி நீர் திறந்த உடனே ஸ்மெல்ட் கூட்டம் முட்டையிட ஓடைகளை நோக்கிப் போகும். சால்மனும் ட்ரவுட்டும் அவற்றைத் தொடர்ந்து கரையோரம் வரும். அந்தச் சில வாரங்களில் நீரின் மேலடுக்கிலேயே, ஓடை வாய்களுக்கு அருகே, இந்த ஃப்ளையைப் படகின் பின்னால் இழுக்கலாம். துடுப்பை வலித்துக்கொண்டே தூண்டில் கோலை இடையிடையே முன்னே இழுத்து விடுங்கள்; ஃப்ளை தயங்கித் தயங்கி ஓடும், மீன் பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான் அடிக்கிறது. கோடையில் நீர் சூடேறி மீன் ஆழத்துக்கு இறங்கிய பிறகு இதற்கு வேலை குறைவு.

கட்டிவைத்த மூன்றையும் வீசிவிடாதீர்கள். தலையில் உள்ள வார்னிஷைச் சவரத் தகட்டின் நுனியால், மேல்பக்கத்தில் நீளவாக்கில் கீறுங்கள். நூல் வெட்டுப்பட்டதும் சிறகுகள் தானாகக் கழன்றுவரும். உடலும் வயிற்று மயிரும் நன்றாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நூல் அவிழாமல் இருக்க உடலின் முன்முனையில் உடனே புதிய நூலால் நான்கு சுற்று போட்டுவிடுங்கள். கழன்ற இறகுகளை ஆவி பறக்கும் கெண்டியின் மூக்குக்கு மேல் ஓரிரு விநாடி பிடித்தால் நசுங்கிய இழைகள் நிமிர்ந்துவிடும். பிறகு அவற்றை இடம், வலம் என்று பிரியுங்கள். மூன்று ஃப்ளைகளின் பன்னிரண்டு சேவல் இறகுகளில் ஒழுங்கான ஜோடிகள் ஒரு ஃப்ளைக்காவது தேறும். அதில் தொடங்குங்கள்.